வள்ளத்தடியில் கொட்டலசு: நான் கெடுத்ததும் பிறகு சரி செய்ததும்

ஆவணி மாதம் அப்பா படியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். வருடாவருடம் ஆனி, ஆடியில் கடல் ஏறும்போது வள்ளத்தை விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விடுவது எங்கள் வழக்கம். அங்கே ஒதுக்கம் உண்டு. குமரிக் கடப்புறத்திலிருந்தும் பொழியூரிலிருந்தும் ஏகப்பட்ட வள்ளங்கள் அந்த மாதங்களில் அங்கேதான் நிற்கும். ஆவணி கழிந்து திரும்பக் கொண்டுவர வேண்டிய நேரத்தில் ஆளில்லாமல் போயிற்று. மாமா கொச்சியிலிருந்து விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போயிருந்தார். நான் மஸ்கட்டில். எஞ்சினை மட்டும் கழற்றி வீட்டில் வைத்தார்கள். பக்கத்து வள்ளக்காரர்கள் மழைத் தண்ணீரை அவ்வப்போது இறைத்து விட்டார்கள். அதுகூட இல்லையென்றால் வள்ளம் அடியில் போய்க் கிடந்திருக்கும். மாசியில் நான் விடுப்பில் எங்கள் ஊரான நீரோடிக்கு வந்து சேர்ந்தபோது, எங்கள் 28 அடி ஃபைபர் வள்ளம் ஆறு மாதம் ஒரே இடத்தில் தண்ணீரில் கிடந்திருந்தது.

மேலே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. எஞ்சினைக் கொண்டுபோய் மாட்டினோம், இரண்டாவது இழுப்பிலேயே பிடித்தது. துறைமுக வாயைத் தாண்டியதும்தான் விஷயம் புரிந்தது. கைப்பிடியை முழுக்க முறுக்கினால் எஞ்சின் அலறுகிறது, பின்னால் நுரை தள்ளுகிறது, வள்ளம் மட்டும் அரிசி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி மாதிரி ஊர்கிறது. அரை மணி நேரத்தில் வந்துவிடும் பூவாற்றுக் கரைக்கு அன்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. எண்ணெயும் வழக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குடித்தது.

கரைக்குப் பக்கத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வள்ளத்தின் அடியைத் தடவிப் பார்த்தேன். உள்ளங்கையை வெளியே எடுத்தபோது நாலு கோடாக ரத்தம். அடி முழுக்கக் கொட்டலசு, ஆங்கிலத்தில் பார்னக்கிள் என்பார்களே, அது. நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, இடையிடையே சின்னச் சிப்பிகள், பாசி, ஏதோ புழுக்கள் கட்டிய வெள்ளைக் குழாய்கள். ஒரு பாறையைத் தொட்டது போலத்தான் இருந்தது.

கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எல்லோரும் அலட்சியம் செய்கிறோம். கொட்டலசு அறுத்த காயம் கத்தி அறுத்தது போல இல்லை. ஓட்டுத் துகளும் அழுக்கும் உள்ளே தங்கிவிடும். கடல் தண்ணீரில் வாழும் கிருமிகள் சில மோசமானவை. நான் உப்புத் தண்ணீரிலேயே கழுவிவிட்டு வேலையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் கை வீங்கிக் கனன்றது. ஊசியும் மாத்திரையுமாக ஒரு வாரம் போயிற்று. நல்ல தண்ணீர், சோப்பு, துகளை எடுத்துவிடுவது, டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்ப்பது, இவ்வளவும் அன்றைக்கே செய்ய வேண்டியது. தடித்த ரப்பர் கையுறை இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். சர்க்கரை வியாதி இருப்பவர்கள் வேறு ஆளை விடுங்கள்.

நீரோடியில் வள்ளத்தை ஏற்றி வைக்க இப்போது மணல் இல்லை. நான் பையனாக இருந்தபோது பந்து விளையாடிய இடமெல்லாம் கடலுக்குள். மிச்சம் இருப்பது கருங்கல் சுவர். அதனால்தான் பூவாற்றுக்கு வந்தோம். பதினைந்து பேர் தோள் கொடுத்து, ஏற்றத் தண்ணீர் வந்து தொடும் எல்லை வரை இழுத்து, இடது பக்கம் வானத்தைப் பார்க்கும்படி சாய்த்து, பழைய டயர்களை அண்டக் கொடுத்தோம். அப்போது மணி பத்து. அன்றைக்கே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் கை வலி, அப்புறம் சித்தி மகள் கல்யாணம், பிறகு ஞாயிற்றுக்கிழமை. சரி, வெயிலில் காய்ந்தால் தானே செத்து உதிர்ந்துவிடும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். எட்டு நாள் அப்படியே விட்டேன்.

செத்தது உண்மை. உதிரவில்லை. மூன்றாம் நாளே நாற்றம் கிளம்பியது. கருவாடு காயும் வாசனைக்குப் பழகிய கடப்புறத்துக்காரர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, இதை எப்போது சுத்தம் செய்வாய் என்று கேட்டார்கள். எட்டாம் நாள் தொட்டுப் பார்த்தால் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

இதற்குக் காரணம் அந்த உயிரின் பிழைப்பு. கொட்டலசைப் பார்த்தால் சிப்பி வகை என்று தோன்றும். உண்மையில் அது இறால், நண்டுகளின் சொந்தக்காரன். குஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் நீந்தித் திரியும். கடைசிப் பருவத்தில் சாப்பாடே கிடையாது, இடம் தேடுவது ஒன்றுதான் அதன் வேலை. பிடித்த இடம் கிடைத்ததும் தலையைக் கீழே வைத்து ஒரு பசையால் ஒட்டிக்கொள்ளும். சுற்றிலும் சுண்ணாம்புச் சுவர் கட்டி, மேலே திறந்து மூடும் கதவு வைத்து, ஆயுள் முழுக்க அங்கேயே தலைகீழாக இருந்து, காலை வெளியே நீட்டி இரையை வாரித் தின்னும். ஒட்டிய அந்தப் பசையும் அடித்தட்டும் உயிர் போனாலும் விடுவதில்லை. சார்ல்ஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருடம் இந்த உயிரினத்தையே ஆராய்ந்தாராம். எனக்கு எட்டு நாளிலேயே வெறுத்துவிட்டது.

எட்டாம் நாள் வேலை தொடங்கியது. கையில் கிடைத்தது இரண்டு: வீட்டிலிருந்த வெட்டோத்தி என்ற வெட்டுக்கத்தி, அப்புறம் இனயத்தில் பாறையில் சிப்பி எடுக்கப் போகும் உறவுக்காரர் ஒருவரிடம் வாங்கி வந்த இரும்பு உளி. பாறையில் ஒட்டிய சிப்பியைப் பெயர்க்கும் உளி வள்ளத்தில் ஒட்டியதைப் பெயர்க்காதா? பெயர்த்தது. சுத்தியலால் தட்டத் தட்டக் கொத்துக் கொத்தாக விழுந்தது. நானும் உற்சாகமாக மூன்று நாள் தட்டினேன். இடது பக்கம் முடிந்ததும் பார்த்தால், வெள்ளை வட்டங்களுக்கு நடுவே பதினாலு இடத்தில் வழுவழுப்பு போய், சாக்குப்பை நூல் மாதிரி கண்ணாடி இழை தெரிந்தது.

பொழியூரில் ஃபைபர் வேலை செய்யும் அண்ணன் ஒருவரைக் கூட்டி வந்தேன். எங்கள் வள்ளத்தைப் பல வருடமாகப் பார்த்து வருபவர். சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், விரலால் தடவினார்.

“மக்கா, நீ கொட்டலசப் பேத்தியா, வள்ளத்தப் பேத்தியா?”

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவர் உட்கார்ந்து பீடி பற்றவைத்து விளக்கியதை இங்கே எழுதுகிறேன். ஃபைபர் வள்ளத்தின் வெளியே பளபளப்பாகத் தெரிவது ஜெல்கோட். கனம் அரை மில்லிமீட்டர் அளவுதான், நாலைந்து காகிதத்தை அடுக்கிய கனம். தண்ணீரைத் தடுப்பது முக்கியமாக அந்த மெல்லிய தோல்தான். அதற்கு உள்ளே கண்ணாடி இழைப் பாயும், அதை இறுக்கிப் பிடிக்கும் ரெசின் பசையும். தோல் உடைந்த இடத்தில் தண்ணீர் இழையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்கும். வள்ளம் கனக்கும், அடுக்கு பிரியும், ஒரு நாள் அலையில் அடிபடும்போது அந்த இடம் விரியும். கொட்டலசு ஃபைபரைத் தின்னாது, மரத்தில் புழு துளைப்பது போலத் துளைக்கவும் செய்யாது. அது ஒட்டிக்கொண்டிருந்த ஆறு மாதத்தில் வள்ளத்துக்கு ஓட்டை விழவில்லை. நான் மூன்று நாளில் பதினாலு போட்டேன்.

“அந்தப் பக்கம் தொட்டியா?”

தொடவில்லை என்றேன். வலது பக்கம் இன்னும் மணலில் கிடந்தது. ராத்திரி ஏற்றத் தண்ணீர் வந்து அதை நனைத்துவிட்டுப் போகும். பகலிலும் நிழல், ஈர மணல். ஆட்களைக் கூப்பிட்டு வள்ளத்தை மறுபக்கம் சாய்த்தோம். அவர் உளியைப் பிடுங்கித் தூரப் போட்டார். பக்கத்தில் கிடந்த பூவரசங் கட்டை ஒன்றை வெட்டோத்தியால் ஆப்பு மாதிரி சரித்துச் செதுக்கினார். அதைக் கொட்டலசின் அடியில் வைத்து, மேலிருந்து குத்தாமல், ஃபைபரோடு ஒட்டினாற்போலப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் ஒரு தள்ளு. பொலபொலவென்று வந்தது. எனக்கு நம்ப முடியவில்லை. அதே கடல், அதே ஆறு மாதம், அதே வள்ளம். இடது பக்கத்துக்கு மூன்று நாள். வலது பக்கம் ஒரு காலை வேளையில் முடிந்தது.

“ஈரம் இருக்கச்சிலே செத்தி எடுத்திரணும். உணங்கிச்சுன்னா கல்லு.”

செத்துவது என்றால் எங்கள் பேச்சில் சுரண்டி எடுப்பது, உணங்குவது என்றால் காய்வது. என் அனுபவத்தில் இதற்கு மேலான பாடம் ஒன்றும் கிடையாது. வள்ளத்தைக் கரையேற்றும் நாளையும் செத்தும் நாளையும் ஒன்றாக வையுங்கள். ஆளையும் கருவிகளையும் முதலில் தயார் செய்துவிட்டுப் பிறகு இழுங்கள். ஒரே நாளில் முடியாது என்றால் மிச்சமுள்ள பக்கத்தில் நனைத்த சாக்கைப் போர்த்தித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள்.

கருவி எதுவானாலும் ஃபைபரை விட மெத்தென்று இருக்க வேண்டும். மர ஆப்பு நல்லது, முனை மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். வீட்டில் காய் நறுக்கும் தடித்த பிளாஸ்டிக் பலகை பழசானது இருந்தால் அதை அறுத்துச் சாய்வாகத் தேய்த்துக்கொள்ளலாம். நான் இப்போது பயன்படுத்துவது அதுதான். பிடிவாதமாக இருக்கும் சிலவற்றுக்கு மட்டும் பட்டி பார்க்கும் இரும்புத் தகடு. அதன் இரண்டு மூலைகளையும் அரத்தால் உருட்டிவிட வேண்டும். ஃபைபரைக் கீறுவது பெரும்பாலும் அந்த மூலைகள்தான். பாசியும் வழுக்கலும் போக எங்கள் ஊர் கதம்பையே போதும். தேங்காய்க் கதம்பையை நனைத்துத் தேய்த்தால் எந்தக் கடை பிரஷ்ஷும் பக்கத்தில் வராது.

வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் பம்பை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஆட்டோவில் ஏற்றி வந்தோம். கரையேற்றிய உடனே அடித்தால் பாசி, புழுக்குழாய், சின்னக் கொட்டலசு எல்லாம் அதிலேயே போய்விடும், கைவேலை பாதியாகும். ஆனால் முனையை ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து, சாய்வாக அடிக்க வேண்டும். உடைந்த இடத்தில் நேராக அடித்தால் அடுக்குக்கு நடுவே தண்ணீரை நாமே ஏற்றிவிடுவோம். என் பதினாலு காயத்தின் மேலும் முதலில் டேப் ஒட்டச் சொன்னார் அண்ணன்.

இவ்வளவு செய்த பிறகும் வட்டம் வட்டமாக வெள்ளைத் தடம் நிற்கும். அது கொட்டலசின் அடித்தட்டு, சுத்தச் சுண்ணாம்பு. இங்கேயும் நான் ஒரு தப்புச் செய்தேன். மொசைக் தரை பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் ஆக்சாலிக் அமிலம் கறையை நன்றாக எடுக்கும் என்று கேள்விப்பட்டு, வாங்கிக் கரைத்துப் பூசினேன். ஒன்றும் நடக்கவில்லை. துருக்கறைக்கும், தண்ணீர்க் கோட்டில் படியும் மஞ்சள் கறைக்கும் அது அருமையான மருந்து. சுண்ணாம்போடு சேர்ந்தாலோ கரையாத உப்பாக மாறி அங்கேயே உட்கார்ந்துவிடும். சிறுநீரகத்தில் பலருக்குக் கல்லாக நிற்பதும் அதே உப்புதான்.

சுண்ணாம்பைக் கரைக்க வினிகர் போதும், நேரம்தான் எடுக்கும். முட்டை ஓட்டை வினிகரில் போட்டால் நுரைத்துக் கரையுமே, அதே கதை. பழைய துணியை வினிகரில் நனைத்து ஒட்டி, மேலே பாலிதீன் தாளைப் போர்த்தி ஒரு மணி நேரம் விட்டுத் தேய்த்தால் வட்டம் மசிந்து வரும். இடம் அதிகம் என்றால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாக வேலை செய்யும். எங்கள் அண்ணன் பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலம் கலப்பார். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். ஒரு முழ அகலம் பூசுவார், நுரை பொங்கி அடங்கியதும், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள், நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவார். பிறகு அடுத்த முழம். எஞ்சினைக் கழற்றித் தூரமாக வைத்துவிட்டுத்தான் அமில பாட்டிலைத் திறப்பார். அலுமினியத்தை அது தின்னும். இழை தெரியும் காயத்தில் அமிலம் படக் கூடாது. கண்ணாடி, கையுறை, காற்று நம் முதுகுப் பக்கத்திலிருந்து வருவது, மூன்றும் கட்டாயம். பிளீச்சிங் பவுடர் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு.

அதன்பின் வாட்டர் பேப்பர். 220-இல் தொடங்கி 400. தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்ப்பதுதான் முறை. உலர்ந்த தூசி நுரையீரலுக்குப் போகும், அதிலும் பழைய பெயின்ட் இருந்தால் அது விஷத்தூசி. செத்தி விழுந்ததையெல்லாம் தார்ப்பாயில் வாங்கி அள்ளிக் குழியில் போட்டோம். பூவாற்று மணலில் வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடுகிற இடம் அது.

இனி என் பதினாலு காயம். இங்கே கணக்கு தலைகீழ். செத்துவதற்கு ஈரம் வேண்டும், ஒட்டுப்போடுவதற்கு எலும்பு வரை உணங்கியிருக்க வேண்டும். முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் கழுவி உப்பை எடுத்தோம். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு நாலு நாள் மாசி வெயில். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அண்ணன் காட்டிய வழி எனக்குப் பிடித்திருந்தது: ஒரு சாண் பாலிதீன் தாளைக் காயத்தின் மேல் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி விட்டுவிடுவது. மறுநாள் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. எங்களுக்கு முதல் தடவை வியர்த்தது. இன்னும் மூன்று நாள் காத்திருந்தோம்.

அந்த இடைவெளியில் அவர் ஒரு ரூபாய் நாணயத்தால் வள்ளம் முழுவதையும் தட்டிக்கொண்டே வந்தார். கெட்டியான இடம் ‘டிக்’ என்று சொல்லும், பொத்தலான இடம் ‘டொப்’ என்று சொல்லும். பின்பக்கம் இரண்டு கொப்புளம் அகப்பட்டது. குத்தியதும் பீய்ச்சிக்கொண்டு ஒரு திரவம் வந்தது, புளித்த வாடை. ஜெல்கோட்டைத் தாண்டிப் போன தண்ணீர் உள்ளே ரெசினோடு சேர்ந்து அமிலமானது அது. கண்ணில் பட்டுவிடாமல் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு குத்த வேண்டும். இது என் உளியால் வந்ததில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

ஒவ்வொரு காயத்தின் ஓரத்தையும் தட்டு மாதிரி சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, இழைப்பாயும் ரெசினும் வைத்தார். ரெசினை இறுக வைப்பது கோபால்ட், கேட்டலிஸ்ட் என்ற இரண்டு மருந்து. ரெசினில் கோபால்ட்டை முதலில் கலந்து நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி கேட்டலிஸ்ட். வெயில் ஏற ஏறக் குறைத்துக்கொண்டே வந்தார். மேலே பூசிய ஜெல்கோட் சாயங்காலமாகியும் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. சரக்கு மோசம் என்று நான் கடைக்காரரைத் திட்டக் கிளம்பினேன். அண்ணன் சிரித்தார். ஜெல்கோட் காற்றுப் படும் முகத்தில் முழுதாக இறுகாதாம். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் மேலே ஒட்டிக் காற்றை மறைத்தால் இறுகிவிடும், அல்லது மெழுகு கலந்த ஜெல்கோட் வாங்க வேண்டும். தாளை ஒட்டினோம். காலையில் கல் போல இருந்தது.

வேலையெல்லாம் முடிந்து அப்பாவைக் கைத்தடியோடு ஆட்டோவில் கூட்டி வந்து காட்டினேன். அவருக்கு ஒட்டுப்போட்டதில் அக்கறை இல்லை. அவர் கவலை வேறு.

“எங்க காலத்துல கொட்டலசு உண்டா? கட்டுமரத்தை அவுத்து மணல்ல உணக்கப் போடுவோம். வள்ளத்துக்குக் கொல்லாங்கொட்டை (முந்திரி) எண்ணெய் பூசுவோம், மீனெண்ணெய் பூசுவோம். பாடு முடிஞ்சா வள்ளம் கரையில. அது எங்க வந்து ஒட்டும்?”

யோசித்துப் பார்த்தால் சரிதான். தினமும் கரையேறும் வள்ளத்தில் காலையில் ஒட்டிய குஞ்சு மத்தியானம் வெயிலில் கருகிவிடும். மணல் இருந்தவரை இந்த வேலையே எங்களுக்குக் கிடையாது. கரை போனது, வள்ளம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கத் தொடங்கியது, கொட்டலசு வந்தது. இதைப் படிக்கும் ஒருவருக்கு இன்னும் கடப்புறத்தில் மணலும் இழுத்து ஏற்ற ஆளும் இருந்தால், அடியில் அடிக்கிற விலை கூடிய பெயின்ட் எதற்கும் காசு போட வேண்டாம். மணலில் இரண்டு வாரம் இழுத்தால் அது தேய்ந்து போய்விடும். ஜெல்கோட்டுக்கு நல்ல மெழுகு பூசினால் போதும்.

எங்களுக்கு வேறு வழியில்லை. செம்பு ஆக்சைடு கலந்த சிவப்பு அடிப்பெயின்ட் அடிக்க முடிவு செய்தோம். அதிலிருந்து செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசிய, இடம் தேடி வரும் குஞ்சு ஒட்டாமல் போய்விடும். முன்பு வெள்ளீயம் சேர்ந்த டிபிடி என்ற சரக்கு இதைவிட நன்றாக வேலை செய்ததாம். பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கும் அளவுக்கு அது கடலைக் கெடுத்தது. 2008-இல் உலக அளவில் தடை நடைமுறைக்கு வந்தது. அதனால் யாராவது பழைய டின் ஒன்று இருக்கிறது, மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

பெயின்ட் அடிப்பதில் முக்கால் வேலை அடிப்பதற்கு முன்னால். மெழுகுப் பிசுக்கு போகத் துடைத்து, 80 அல்லது 100 பேப்பரால் பளபளப்பு போகச் சொரசொரப்பாக்கி, எபாக்ஸி பிரைமர் ஒரு கோட்டு, அதன்மேல் சிவப்பு இரண்டு கோட்டு. தண்ணீர்க் கோட்டிலும், அடிமுதுகிலும், பின்பக்க மூலையிலும் மூன்றாவது கோட்டு. முதலில் தேய்வது இந்த இடங்கள்தான். பளபளப்பைக் கெடுப்பதற்கு மனசு வராமல் சொரசொரப்பாக்குவதில் கஞ்சத்தனம் செய்த இன்னொரு வள்ளக்காரருக்கு மூன்றே மாதத்தில் பெயின்ட் தோல் தோலாக உரிந்தது. எஞ்சின் காலில் இந்தப் பெயின்ட்டைத் தொடவே விடாதீர்கள். செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். எஞ்சினில் இருக்கும் துத்தநாகக் கட்டியிலும் எந்தப் பெயின்ட்டும் கூடாது. நமக்குப் பதிலாக அது அரிபட்டுப் போவதற்காகவே வைத்திருப்பது. வள்ளம் கட்டிக் கிடக்கும் நாளில் எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டால் தண்ணீர் இழுக்கும் துளையில் கொட்டலசு உட்காராது. எஞ்சின் சூடாகி நின்றுபோவதற்கு அந்தத் துளை அடைவதும் ஒரு காரணம்.

நல்ல தண்ணீர் வைத்தியம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பூவாற்றில் நெய்யாறு வந்து சேரும் இடத்துக்கு மேலே வள்ளத்தை ஒரு வாரம் கட்டிப்போட்டால் கொட்டலசு செத்துவிடும் என்பது இங்கே பேச்சு. அடுத்த வருடம் செய்து பார்த்தோம். பாசி அழுகிக் கழன்றது, சிப்பி உதிர்ந்தது. கொட்டலசு கதவைச் சாத்திக்கொண்டு சில நாள் தாக்குப்பிடித்துப் பிறகு செத்தது, ஓடு அப்படியே நின்றது. ஆனால் ஈரத்தோடு நின்றதால் சுரண்டி எடுப்பது சுலபமாக இருந்தது. பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், திறந்திருந்து, ஆற்றில் ஒழுக்கும் இருக்கிற சமயம் என்றால் செய்யலாம். அதற்காகவே அலையடிக்கும் நாளில் பொழிவாயில் நுழைவது முட்டாள்தனம்.

இப்போது விழிஞ்ஞத்தில் நிற்கும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாமா மகன் முகமூடிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கி, மெத்தென்ற துணியால் அடியைத் துடைத்துவிட்டு வருகிறான். தண்ணீரில் விட்ட எதிலும் முதலில் படிவது வழுக்கல், அப்புறம் பாசி, கூடவே கடுகளவில் கொட்டலசு. கடுகாக இருக்கும்போது துணியிலேயே வந்துவிடுகிறது. அழுத்தித் தேய்த்தால் சிவப்புப் பெயின்ட்டும் சேர்ந்து வந்து தண்ணீரைக் கெடுக்கும் என்பதால் கதம்பையைத் தண்ணீருக்குள் பயன்படுத்துவதில்லை. அவன் இறங்கும்போது மேலே ஒரு ஆள் நிற்பது, எஞ்சின் சாவி அந்த ஆளின் பையில் இருப்பது, இதை மட்டும் அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார்.

போன மாசியில் மறுபடி கரையேற்றினோம். இழுத்து முடித்துக் கால் மணி நேரத்தில் ஐந்து பேர் ஆப்போடு சுற்றி நின்றோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. அப்பா தடியை ஊன்றிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டரின் அடிமுகத்தைக் காட்டி, “இங்க ரெண்டு விட்டிருக்கியே” என்றார். அங்கே பெயின்ட் அடிப்பதில்லை, அதனால் ஒட்டியிருந்தது. கட்டைவிரல் நகத்தால் நெம்பினேன். ஈரம் இருந்தது, வந்துவிட்டது.